முழுகாம இருந்தவங்களும் அந்தக் காய்ச்சலும்

கித்துல்கல என்றால் பலருக்குக் களனி ஆறும் படகுச் சவாரியும்தான் ஞாபகம் வரும். ரோட்டுக்கு மேலே இருக்கிற தோட்டங்களையும் லயங்களையும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 1918இல் உலகையே உலுக்கிய இன்புளுவன்சா பற்றி வாசித்தபோது, அந்த மாதிரி லயங்களில் முழுகாம இருந்த பெண்களைத்தான் நாங்கள் நினைத்தோம்.

அந்தக் காய்ச்சல் இலங்கையில் சுமார் 3 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் 1918 ஒக்டோபர், நவம்பரில் சாவு உச்சத்தைத் தொட்டது. மத்திய தேயிலைப் பகுதிகளில் அந்த உச்சம் வந்தது 1919 மார்ச்சில். அதே 1919இல் அமெரிக்காவில் ஜோன் ஹரிஸ் என்ற மருத்துவர், காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளின் விபரங்களைத் திரட்டினார். பாதிப்பேருக்கு நிமோனியா. 100க்கு 27 பேர் இறந்துபோனார்கள்.

காரணம் லேசானதுதான். கடைசி மாதங்களில் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளும். ஒக்சிசன் தேவையோ கூடும். அந்த நேரம் நுரையீரலில் சளி கட்டினால் தாங்க இடமில்லை.

இங்கே 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் தரச் சொன்னது. நல்ல விசயம்தான். ஆனா அந்தச் சலுகை பிள்ளை பிறந்த பிறகுதானே? எட்டாம் மாசத்தில் மூச்சு வாங்குறவளுக்கு?

நூறு வருசம் கழித்தும் அவள் வரிசையில் பின்னாடிதான். கொவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளில் முதலில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. இலங்கையில் 2021 ஜனவரியில் ஊசி தொடங்கியது. மே மாதம் கொவிட்டால் முதல் கர்ப்பிணி இறந்தார். கர்ப்பிணிகளுக்கு ஊசி வந்தது ஜூனில்தான்.

இன்றைக்கு வழி தெரியும். இன்புளுவன்சா என்றால் வைரஸ் மருந்தை முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரத்தத்தில் ஒக்சிசன் 95க்குக் கீழே இறங்க விடக்கூடாது. தடுப்பூசி தாயையும் பிள்ளையையும் சேர்த்தே காக்கும்.

ஆனா 48 மணித்தியாலம் என்பது லயத்தில் வேற கணக்கு. இன்றைக்குப் பேர் விழாட்டி சம்பளம் இல்லை. ராத்திரியில் வாகனம் இல்லை. "விடியட்டும், பார்ப்போம்" என்று வீட்டில் சொல்வார்கள். முழுகாம இருக்கிறவளுக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதை நம்ம வீடுகளில் இன்றைக்கே சொல்லி வைப்போம்.