பின்னால் நின்றவர்கள்

பெங்களூரின் ஃபுட்பால் பெருமையைப் பேச ஆரம்பித்தால் எங்கள் பிரேசர் டவுன் பெரியவர்கள் முன்வரிசைக்காரர்களைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். அகமது கான், ராமன், தன்ராஜ், கண்ணன், உலகநாதன், பாபு மணி. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். சரி, பின்னால் நின்று தடுத்தவர் யார் என்று கேட்டால், "இருந்தாங்கப்பா, நல்ல நல்ல பேக் எல்லாம் இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார்கள். பேர் வராது.

அதனால்தான் மாஸ்க் ரோட்டில் பையன்கள் பெங்களூரு எஃப்.சி.யின் மிகச் சிறந்த ஸ்டாப்பர் யார் என்று குரல் உயர்த்திச் சண்டை போடும்போது, வேலை இருந்தாலும் நின்று கேட்பேன். "ஜான்சன்தான் மச்சா", "போடா, ஹுவானான் முன்னாடி ஜான்சன் நிப்பானா?", "பேக்கேயை மறந்துட்டீங்களே!" இந்த ஊரில் ஆட்டம் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, தடுப்பாட்டக்காரனுக்கு என்று ஒரு ரசிகர் கூட்டம் உருவானது இப்போதுதான். ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

பிரேசர் டவுனே பிளேக்கில் பிறந்தது. 1898இல் பிளேக் நோய் தண்டுப் பகுதியை, அதாவது கன்டோன்மென்டை, சூறையாடியது. நெருக்கடியான தெருக்களிலிருந்து மக்களை வெளியேற்ற, அகலமான சாலைகளும் எலி புகாத வீடுகளுமாகப் புதுக் குடியிருப்பு எழுந்தது. மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு. இப்போது கார்ப்பரேஷன் பலகையில் புலிகேசி நகர் என்று இருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிஷம் யோசிப்பார். அல்சூர்ப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளம், சுற்றிலும் பட்டாளத்துக்குச் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள். தமிழும் தக்கனி உருதுவும் ஒரே தெருவில். வெள்ளைக்கார ரெஜிமென்ட்கள் பூட்ஸ் போட்டு ஆடியதைப் பார்த்து எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

அப்படிக் கற்றவர்களிடமிருந்துதான் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வந்தது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை 1891இல் தொடங்கியது. அதை ராணுவ அணிகளே வென்றுகொண்டிருந்தன. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அதை வென்றபோது, அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணி என்ற பெயர் எங்கள் ஊருக்கு வந்தது. இறுதியில் தோற்றது யார் என்கிறீர்கள்? கல்கத்தா லீகை அப்போது ஆட்டிப்படைத்த முகமதன் ஸ்போர்ட்டிங். ஸ்கோர் 1-0. அடுத்த வருஷம் மறுபடி கோப்பை. 1948இல் மூன்றாவது முறை, மோகன் பகானை வென்று, அதுவும் 1-0.

இந்த 1-0 என்ற எண்ணை நான் விடமாட்டேன். எதிரே நாட்டின் மிகச் சிறந்த முன்வரிசை. நம் பக்கம் ஒரே ஒரு கோல். அதைக் கடைசி விசில் வரை காத்தவர் யாராவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியிலும் இதே கதைதான். 1967-68 இறுதியில் கட்டக்கில் மைசூர் (இன்றைய கர்நாடகம்) 1, பெங்கால் 0. அடுத்த வருஷம் பெங்களூரிலேயே, அதே பெங்காலுடன் முதல் ஆட்டம் 0-0, மறு ஆட்டம் 1-0. அந்த இரண்டு இறுதிகளின் மூன்று ஆட்டங்களில் பெங்கால் ஒரு பந்தைக்கூட மைசூர் வலைக்குள் அனுப்ப முடியவில்லை. பெங்கால் அணி என்றால் பாதி இந்திய அணி. மூன்று ஆட்டத்தில் அவர்களைப் பூட்டிவைத்த மைசூர்ப் பின்வரிசையின் பேர்களைத் தெருவில் ஒருவர்கூடச் சொல்வதில்லை.

தடுப்பாட்டம் நினைவில் தங்காது; கோல்தான் தங்கும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்றோம். எங்களுக்கு நினைவிருப்பது பெங்களூர் சாரங்கபாணி ராமன் போட்ட கோல், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று நம்மை நசுக்கியது. பத்து கோல் வாங்கிய அந்த ஆட்டத்தில்கூட எங்கள் பெரியவர்கள் சொல்வது அகமது கான் போட்ட ஒன்றைத்தான்!

இந்த மறதி பெங்களூருக்கு மட்டும் உரியதும் அல்ல. இந்தியாவின் மிகப் பெரிய ஸ்டாப்பர் ஜர்னைல் சிங். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய கதையில் அவர் எப்படி வருகிறார்? தலையில் காயக்கட்டோடு, பயிற்சியாளர் ரஹீம் முன்னால் அனுப்பி, கோல் போட்டவராக வருகிறார். அவர் காலமெல்லாம் செய்த வேலை அந்த ஒரு கோலுக்குப் பின்னால் போய்விட்டது.

ஆட்டமுறைக்கும் இதில் பங்கு உண்டு. பழைய 2-3-5 அமைப்பில் பின்னால் இரண்டு பேக் மட்டும். நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப் ஏறி ஆடுவார், தடுக்கவும் செய்வார். 1925இல் ஆஃப்சைட் விதி மாறிய பிறகு இங்கிலாந்தில் ஆர்சனல் போன்ற அணிகள் அந்த சென்டர் ஹாஃபைக் கீழே இழுத்து, எதிரணி சென்டர் ஃபார்வர்டை மறிக்கும் ஸ்டாப்பராக்கின. நம் நாட்டுக்கு அது மெல்லத்தான் வந்தது. ஆகவே 1937இன் பேக்கையும் இன்றைய சென்டர் பேக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெரிய காரணம் வேறு. பெங்களூரில் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், "நம்ம கிளப்" இல்லை. நன்றாக ஆடியவரை கல்கத்தா கொண்டுபோனது. அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் எனப்பட்ட ஐந்து முன்வரிசைக்காரர்களில் இருவர் ஆனார்கள். கண்ணனும் உலகநாதனும் மோகன் பகானுக்குப் போனார்கள். இங்கே தங்கியவர்களுக்கு ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., எல்.ஆர்.டி.இ. போன்ற ஆபீஸ் அணிகள். சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் உண்டு. ஆதரவாளர் கூட்டம் கிடையாது. பேரைக் காப்பாற்றுவது ஆதரவாளர்தான், எச்.ஆர். ஃபைல் அல்ல. என் சின்ன வயதில் நாங்கள் ஆதரித்தது எந்த அணியையும் அல்ல, எங்கள் தெருப் பையன் எந்த அணியில் ஆடுகிறானோ அதை. அவன் வேலை மாறினால் எங்கள் விசுவாசமும் மாறும். இன்றும் கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது; ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு இந்த ஊரில் சிலை இருந்து நான் பார்த்ததில்லை.

2013 ஜூலையில் பெங்களூரு எஃப்.சி. பிறந்தது. முதல் வருஷமே ஐ-லீக் பட்டம். ஆட்டங்கள் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் நடந்தன. ஸ்டாண்டுக்கும் கோட்டுக்கும் இடையே ஓட்டத் தடம் கிடையாது. கோலியும் ஸ்டாப்பரும் கத்திக்கொள்வது காதில் விழும். ஃபார்வர்டை டி.வி.யில் பார்த்தால் போதும், பந்து எங்கோ இருக்கும்போது ஸ்டாப்பர் பத்தடி பின்னால் நகர்வதால் நின்றுபோகும் ஆபத்தை கேமரா காட்டாது. பெங்களூர்க்காரன் ஸ்டாப்பரைப் பார்க்கக் கற்றது அந்த ஸ்டாண்டில்தான் என்று நான் சொல்வேன். பிறகு கன்டீரவாவுக்குப் போனோம். இடம் பெரியது, சத்தமும் பெரியது, ஆனால் நடுவே தடகளப் பாதை.

சண்டை இங்கிருந்து ஆரம்பம். முதல் ஜோடி இங்கிலாந்தின் ஜான் ஜான்சன், கென்யாவின் கர்டிஸ் ஒசானோ. ஆரம்பக் காலத்தவர்கள் ஒசானோவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2016இல் ஸ்பெயினிலிருந்து ஹுவானான் வந்தார். அந்த அக்டோபரில் ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் மலேசியாவின் ஜோகூர் அணியை கன்டீரவாவில் 3-1 என்று வென்றோம். சேத்ரி இரண்டு, ஹுவானான் தலையால் மூன்றாவது. அந்த இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் நாங்கள்தான். தோஹாவில் ஈராக்கின் அல்-குவா அல்-ஜாவியாவிடம் 1-0 என்று தோற்றோம்.

பிறகு ராகுல் பேக்கே. மும்பைப் பையன். 2018 மார்ச் 17 அன்று ஐ.எஸ்.எல். இறுதியில் சென்னையின் எஃப்.சி. கன்டீரவாவிலேயே எங்களை 3-2 என்று வீழ்த்தியது. அதில் இரண்டு கோல் போட்டவர் அவர்களுடைய சென்டர் பேக் மைல்சன் ஆல்வெஸ், இரண்டும் தலையால். எங்கள் தெருத் தமிழர்களில் சிலர் அன்று எந்தப் பக்கம் முகத்தைக் காட்டுவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2019 மார்ச் 17, மும்பையில் கோவாவுக்கு எதிராக 117ஆவது நிமிஷம், கார்னர், பேக்கேயின் தலை, கோப்பை. பிறகு மும்பை சிட்டிக்குப் போன அவர், 2022இல் ரியாத்தில் ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீகில் வெற்றி கோலை அடித்தார். எதிரணி, தோஹாவில் எங்களை அழவைத்த அதே அல்-குவா அல்-ஜாவியா! "மச்சா, நம்ம ஜெர்சி போடலைன்னாலும் நம்ம கணக்கைத் தீர்த்தான்" என்றான் ஒருவன். 2024இல் திரும்பி வந்தும் விட்டார். ஆனால் அவரை ரைட் பேக்கில் சேர்ப்பதா ஸ்டாப்பரில் சேர்ப்பதா என்று கேட்டால் இன்னொரு அரை மணி நேரம் போகும்.

கவனித்தீர்களா? ஹுவானானுக்கும் பேக்கேக்கும் வாதாடுகிறவர்கள் எடுத்துப் போடுவது தலையால் போட்ட கோலைத்தான். ஜர்னைல் சிங்குக்கு நடந்ததேதான். பழைய நோய் லேசில் விடாது.

"வெளிநாட்டுக்காரனை எல்லாம் நம்ம ஊர் ஸ்டாப்பர்னு எப்படிண்ணே சொல்றது?" என்று என்னிடம் ஒருவன் கேட்டான். அகமது கானை ஈஸ்ட் பெங்கால்காரன் அப்படிக் கேட்டிருந்தால் பஞ்ச பாண்டவர் நால்வராகத்தான் இருந்திருப்பார்கள் என்றேன்.

என் ஓட்டு ஜான்சனுக்கு. 2013 முதல் 2018 வரை, இரண்டு ஐ-லீக், இரண்டு ஃபெடரேஷன் கோப்பை, இரண்டு பயிற்சியாளர்களின் காலத்தில் பெரும்பாலும் முதல் பதினொருவரில். கூட நிற்பவர் மாறிக்கொண்டே இருந்தார், இவர் மாறவில்லை. ஹுவானான் பந்தோடு அழகு, நிதானம் அதிகம், இரண்டாமிடம் அவருக்கு. பேக்கேக்கு மூன்றாவது. 2022 டியூராண்ட் கோப்பையில் ஆடிய ஜிங்கன் பெரிய பெயர்தான், ஆனால் எங்களிடம் இருந்த காலம் குறைவு. ஒசானோ ரசிகர்கள் என்னை மன்னிக்க வேண்டாம்.

54 வருஷம் கழித்து 2023இல் கர்நாடகம் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் டிராபியை மீட்டபோது, பத்திரிகைகள் 1968-69ஐ மறுபடி எடுத்து எழுதின. அந்த வேகத்திலாவது பழைய பின்வரிசையைத் தேடியிருக்கலாம். இன்னும் காலம் போய்விடவில்லை. மாநில ஃபுட்பால் சங்கம் 1937, 1948, 1967-68, 1968-69 அணிகளின் முழுப் பட்டியலையும், யார் எந்த இடத்தில் நின்றார் என்பதோடு, ஸ்டேடியச் சுவரில் எழுதி வைக்கட்டும். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் வீடுகளில் தாத்தாவின் குரூப் போட்டோ, மங்கிய பேப்பர் கட்டிங், மெடல் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் பேரையும் ஆடிய இடத்தையும் பென்சிலால் இன்றைக்கே எழுதி வையுங்கள்.