பேராதனைப் புற்றரையும் கோடையின் கணக்கும்

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பரொருவர் அண்மையில் மின்னஞ்சல் எழுதியிருந்தார். ஜூலை மாத வெயிலில் அவருடைய வீட்டுப் புற்றரை வைக்கோல் நிறமாகிவிட்டதாம். "மாணவப் பருவத்தில் பேராதனைப் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போமே, அந்தப் புல் மட்டும் எப்படி எந்நாளும் பச்சையாக இருந்தது?" என்பது அவர் கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. அதனையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமை பெறும்.

கண்டி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கை வளைந்து சூழ்ந்தோடும் நிலத்தில் அமைந்தது பேராதனைப் பூங்கா. நாயக்க மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் இதனை அரச தோட்டமாக வைத்திருந்தான். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் களுத்துறையிலிருந்த தாவரத் தோட்டத்தை இவ்விடத்துக்கு மாற்றினார். தொடக்கத்தில் இங்கு நடப்பட்டவை கோப்பியும் கறுவாவுமே. பொழுதுபோக்கும் பூங்காவாக இது உருப்பெற்றது பின்னர்தான். இன்று இதன் பரப்பு 147 ஏக்கர்.

வீட்டின் முன்னால் புல் வளர்ப்பது நம்மவர் வழக்கமன்று. முற்றத்தில் புல் முளைத்தால் செதுக்கி, பெருக்கி, சாணம் தெளிப்பதே நமது மரபு. புல் மண்டிய முற்றம் ஆளில்லாத வீட்டின் அடையாளம். இங்கிலாந்திலோ மாளிகையின் முன்னால் விரிந்து கிடக்கும் புற்றரை, "இந்த நிலத்தை உழுது பிழைக்க வேண்டிய தேவை எனக்கில்லை" என்று அயலவருக்கு அறிவிக்கும் செல்வச் சின்னமாக இருந்தது. செம்மறி மேய்ந்தும் அரிவாள் வெட்டியும் சீராக்கப்பட்ட அந்தப் புல்லுக்கு, 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் வெட்டும் இயந்திரமொன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நடுத்தர வீடுகளுக்கும் புற்றரை பரவிற்று. கோப்பித் தோட்டத் துரைமார் கண்டி மலைகளில் பங்களாக்கள் கட்டியபோது இந்த ஆசையையும் உடன் கொண்டுவந்தனர்.

ஆனால் அவர்களுடைய நாட்டுப் புல் கண்டியில் நிலைக்காது. அது குளிர்நாட்டு இனம். 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் ஓரளவு பிழைக்கும். 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் வெப்பத்தில் நலிந்துவிடும். ஆகவே வெப்பநாட்டுப் புற்களையே நாட வேண்டியதாயிற்று. அவற்றுள் இரண்டைக் கண்டியில் இன்றும் காணலாம். ஒன்று, அமெரிக்க அயன மண்டலத்திலிருந்து வந்த, அகன்ற இலையுடைய கம்பளப்புல். நிழலைத் தாங்கும், ஆழமற்ற வேருடையதால் வரட்சியைத் தாங்காது. மற்றது, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகு. வரட்சியைத் தாங்கும், நிழலைத் தாங்காது. கண்டியில் மேனாட்டுப் பொருளிலான கோடை கிடையாது. ஆயினும் பெப்ரவரியும் மார்ச்சும் வரண்ட மாதங்கள். புல்லுக்குச் சோதனைக் காலம் அதுவே.

இந்தச் சோதனையை எதிர்கொண்ட கைகள் துரைமாருடையவை அல்ல. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களுடைய கைகள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையடுத்துத் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. கொழுந்து பறித்தவர்களைப் பற்றி ஓரளவேனும் எழுதியிருக்கிறோம். பங்களாப் புல்லைக் காத்தவர்களைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் செய்தி சேகரிக்கச் சென்ற வழியில், கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் ஓய்வு பெற்ற பங்களாத் தோட்டக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். "தம்பி, புல்லு காஞ்சா சாகாது, வேரு காஞ்சாத்தான் சாகும்" என்றார். வெயிற்காலத்தில் புல்லை ஒட்ட வெட்டலாகாது. மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுக்கலாகாது. வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட வேண்டும். தினமும் தெளிப்பதைவிட, சில நாளைக்கு ஒருமுறை விடியலில் ஆழ நனைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். இன்றைய புல்லியல் அறிஞரும் இவற்றையே கூறுகின்றனர். உயர்ந்த இலை மண்ணுக்கு நிழலாகின்றது. ஆழ இறங்கிய நீர் வேரையும் கீழே இழுக்கின்றது. துணுக்குகள் மக்கி உரமாகின்றன.

பின்னர் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதே என் மனதில் தங்கியது. மார்ச் மாதத்தில் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக இறங்குமாம். அவருடைய மனைவி குடத்துடன் வரிசையில் நிற்கும் அதே வேளையில், அவர் பங்களாப் புல்லுக்கு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருப்பாராம். "அந்தப் பச்சையப் பாத்தா எனக்குத் தாகம் எடுக்கும்" என்றார்.

பேராதனையின் பெரும் புற்றரைக்கு இரு பருவ மழையும், ஊழியர் படையும் துணை நிற்கின்றன. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அந்தப் பூங்காவிலேயே இயங்கியது. அதன் பின்னும் பூங்கா பூங்காவாகவே தொடர்ந்தது. தனிமனிதரின் வீட்டுக்கு அத்தனை வசதி ஏது?

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான்: உங்கள் ஊர்ப் புல் குளிர்நாட்டு இனம், கடுங்கோடையில் உறங்கி, மழை வந்ததும் விழிக்கும். மூன்று அங்குல உயரம் விடுங்கள். பச்சையாகவே வேண்டுமென்றால், மழையும் சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குல நீர் போதும். ஒன்ராறியோவில் 2009 முதல் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிப்பதற்குத் தடையுண்டு, அதுவும் நல்லதே. 2022 கோடையில் தென் இங்கிலாந்தின் பல பகுதிகளில் இறப்பர்க் குழாயால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதே தடைசெய்யப்பட்டது. புற்றரையைப் பெற்றெடுத்த நாட்டிலேயே இந்த நிலை.

ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்கவென்று நம்மவர் மணமக்களை வாழ்த்துவர். பேராதனைப் பெரும் புற்றரையில் கிளை பரப்பி நிற்பதும் ஆலின் இனத்ததான ஜாவா அத்தியே. அதன் அடியில் மீண்டும் அமரும் நாளில், அந்தப் புல்லுக்கு நீர் சுமந்தவர்களையும் ஒருகணம் நினையுங்கள். உங்கள் முற்றம் சில வாரம் பழுப்பாகக் கிடப்பதில் ஒரு குறையுமில்லை.