கும்பினி, கொம்பனி, கம்பனி

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் "இந்தத் தோட்டம் யாருது?" என்று கேட்டால், இன்று "கம்பனியோடது" என்பார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே கேள்விக்கு தோட்டத்தை நடத்திய துரையின் பெயர் பதிலாக வந்திருக்கும். அந்தத் துரை சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். உண்மையான உடைமையாளர்கள் எங்கோ பங்குப் பத்திரம் வைத்திருந்தார்கள். கம்பனி என்ற சொல் தோட்டத்துப் பேச்சில் ஏன் இவ்வளவு தாமதமாக வந்து உட்கார்ந்தது?

தமிழில் சொல் பழையதுதான். லத்தீனில் 'கூட', 'அப்பம்' என்ற இரண்டும் சேர்ந்து பிறந்தது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்பவர்கள் என்பது மூலப்பொருள். நம்மிடம் வந்து சேர்வதற்குள் அப்பம் உதிர்ந்துவிட்டது. சென்னைப் பக்கத்தில் அது, கிழக்கிந்தியக் கம்பனியைக் குறித்து, கும்பினி. அதற்கு 'ஆர்' விகுதி கொடுத்துக் கும்பினியார் என்றார்கள். வரி வாங்கியதும் படை நடத்தியதும் அவர்களே என்பதால் வணிகச் சங்கத்துக்கு அரசருக்குரிய மரியாதை கிடைத்தது. இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனி 1796 வரை கரையோரத்தை ஆண்டது. சிங்களத்தில் கொம்பஞ்ஞ என்று ஒலிக்கும் ஞகரம் போர்த்துக்கேய, ஒல்லாந்த வாய்களின் எச்சம். கொழும்பின் கொம்பனித்தெருவில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அங்கே குறிக்கப்படுவது வணிகக் கொம்பனியா, படைப்பிரிவா என்பதில் இரு கருத்து உண்டு.

கோப்பிக் காலத்தில் மலையேறி வந்தவர்கள் கும்பினியார் ஆண்ட மண்ணிலிருந்து வந்தவர்கள். அந்தச் சொல் இங்கே அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தோட்டம் பெரும்பாலும் தனி ஆளின் சொத்து, அவர் துரை. தெலுங்கின் 'தொர' வழியாக வந்த இச்சொல்லுக்குத் தலைவன் என்று பொருள். ஆட்களைக் கூட்டிவந்தவர் கங்காணி. கண்ணுக்குத் தெரிந்த அதிகாரத்துக்கெல்லாம் பெயர் இருந்தது.

1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபோது தனி முதலாளிகள் பலர் மூழ்கினார்கள். அடுத்து வந்த தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும். இறப்பரோ நட்டு ஆறேழு வருடம் கழித்துத்தான் பால் தரும். அவ்வளவு காலம் பணத்தை மண்ணில் புதைத்துவைக்க ஒருவர் பை போதாது. கூட்டுப்பங்குக் கம்பனிகளுக்கான கட்டளைச் சட்டம் இலங்கையில் 1861லேயே வந்திருந்தது. இலண்டனில் பதிவானவை ஸ்டேர்லிங் கம்பனிகள், இங்கே பதிவானவை ரூபாய்க் கம்பனிகள். இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவ இறப்பரோடு சேர்ந்து வளர்ந்தது: குறுகிய அகல ரயில்பாதை 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்தது. பங்குதாரருக்கும் துரைக்கும் இடையில் கொழும்பின் முகவர் நிறுவனங்கள் உட்கார்ந்தன.

கம்பனிப் பெயரின் வாலில் 'வரையறுக்கப்பட்டது' என்று ஒட்டியிருக்கும். வரையறுக்கப்பட்டது பொறுப்பு. தோட்டம் நொடித்தால் பங்குதாரர் இழப்பது பங்குப் பணம் மட்டும். மலையேறி வந்தவரின் கடனுக்கு அப்படி எல்லை கிடையாது. பயணச் செலவிலிருந்து முன்பணம்வரை எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த தாளுக்குத் துண்டு என்று பேர். அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தோடு பேரம் பேசுவார். இந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சட்டமே அப்படியே எடுத்துக்கொண்டு, 1921இல் துண்டை ஒழித்தது. எழுத்தில் கம்பனிக்கு நாம் கொடுத்த சொற்களில் இது ஒன்று, அதுவும் கடன்சீட்டு.

1975இல் காணிச் சீர்திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அப்போது வந்து சேர்ந்தது கூட்டுத்தாபனம். இலங்கைத் தமிழ் செய்துகொண்ட சொல். தமிழ்நாட்டில் இதைக் கழகம் என்பார்கள். தோட்டங்களை ஏற்ற அரச நிறுவனங்களின் நீளமான பெயர்கள் தோட்டத்து வாய்க்கு ஒத்துவராது, ஜனவசம, எஸ்.பி.சி. என்று சுருக்கிக்கொண்டார்கள். ஆட்சி மாறினாலும் காலையில் ஆள் சேர்க்கும் பெரட்டு, பேர் பதியும் செக்ரோல், அரைநாள் கூலியான அரைப்பேர் எதுவும் மாறவில்லை. 1981 இனவன்முறையில் இரத்தினபுரித் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிந்தபோது, அந்தத் தோட்டங்களுக்கு உடைமைக்காரர் அரசு.

1992இல் நிர்வாகம் மறுபடி தனியாரிடம் போனது. பலாங்கொடை, காவத்தை, கேகாலை, களனிப் பள்ளத்தாக்கு என்று ஊர்ப்பெயர்களைச் சூடிய பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் பிறந்தன. ஊரின் பெயரைச் சூடினாலும் முடிவெடுக்கும் மேசை ஊரில் இல்லை. கம்பனி என்ற சொல் பத்திரிகைத் தலைப்பிலிருந்து இறங்கி கொழுந்து மடுவத்துக்கும் பால் நிறுக்கும் இடத்துக்கும் வந்தது இந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. சம்பளத்தைத் துரையிடம் கேட்டால் "கம்பனி முடிவு" என்பார். துரைக்கு மேலே ஒன்று இருக்கிறதென்று எல்லோரும் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அந்த ஒன்று சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். வழக்குப் போடும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1700 என்று வந்தபோதும் போயின. லயத்துக்காரர் இப்படிப் போக ஒரு தொழிற்சங்கம் வேண்டும், சந்தா வேண்டும், ஒரு நாள் பேர் போகவும் வேண்டும்.

கம்பனிகளின் கையில் இருப்பதும் நிலமல்ல, குத்தகைதான்: 53 வருடம், 2045இல் முடியும். தனி வீடு கட்ட 7 பேர்ச் காணி என்று அரசு அறிவித்தாலும், குத்தகை முடியும்வரை கம்பனி அதை விடுவித்துக் கொடுத்தால்தான் அத்திவாரம் வெட்டலாம்.