செம்மண் மேடும் ஐயனார் காடும்

பாலை என்றவுடன் நமக்கு மணற்குன்றும் ஒட்டகமும் நினைவுக்கு வருகின்றன. முன்னோரோ, வளமாயிருந்த நிலம் வெம்மையால் நலங்கெட்டு வறண்டு கிடப்பதையே பாலையென்று வகுத்தார்கள். அவ்வகைப் பாலையொன்று, வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஊசுட்டேரிக்கு வடகிழக்கே உயரும் செம்மண் மேட்டில், நம் தலைமுறையின் கண் காணவே கிடந்தது.

வீரையும் காசானும் கருங்காலியும் செறிந்து பசுமை மாறாத காடாயிருந்த அந்த மேடு, பட்டணத்து அடுப்புகளுக்கு விறகாகவும் வீடுகளுக்கு உத்தரமாகவும் சிறுகச் சிறுகக் கழிந்து, எஞ்சியது ஆடுமாடுகளுக்கு இரையாகி, புதுச்சேரியிலிருந்து மார்செய் துறைமுகத்துக்கு மல்லாட்டை என்னும் நிலக்கடலை கப்பலேறிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின்னும் ஐப்பசி மழைதோறும் தன் மேல்மண்ணைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டேயிருந்தது. வெள்ளைக்காரன்மேல் பழிபோடுவது சௌகரியந்தான். விறகு வாங்கி எரித்த வீடுகளுக்கும் அதில் பங்குண்டு.

1968 பிப்ரவரி 28-ஆம் நாள் 124 தேசங்களின் மண்ணை ஒரு கலசத்திலிட்டு அம்மேட்டில் ஆரோவில் என்னும் பன்னாட்டு நகரம் தொடங்கப்பட்டபோது, நிழலென்று சொல்ல அங்கே ஓர் ஆலமரமும் சில பனைகளுமே இருந்தன. வந்து தங்கியவர்கள், கிராமத்து ஜனங்களோடு கூடி, ஓடும் நீரை நிறுத்த வரப்பெழுப்பி, சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய வேலினத்தை நட்டு, அதன் நிழலில் நாட்டுமரக் கன்றுகளை வளர்த்தார்கள். அன்னிய மரத்தைத் தாதியாக அமர்த்திய இந்த யுக்தி எனக்கு முதலில் ரசிக்கவில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அத்தாதிகளில் பலரைச் சாய்த்த பிறகு, கீழே காத்திருந்த கன்றுகள் வெளிச்சம் கண்டு எழுந்ததைப் பார்த்துத்தான் சமாதானமடைந்தேன்.

நாட்டு விதைக்கு எங்கே போவது? கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டைப்போல், சுள்ளி ஒடித்தாலும் சாமி கோபிக்கும் என்ற அச்சத்தால் தப்பிய கோயிற்காடுகளே களஞ்சியமாயின. மண்குதிரைகளின் காலடியில் உதிரும் உலக்கைப்பாலையின் மஞ்சள் பழத்தை வாயிலிட்டால், இனிப்போடு அதன் பாற்பசையும் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். உமிழ்ந்த கொட்டை மெருகிட்டாற்போல் பளபளக்கும். அதை மடியில் கட்டிக் கொண்டுபோய் முளைக்கவைப்பவனுக்கு, உலக்கைக்கு ஆகும் பருமனை அம்மரம் எட்டுவதைக் காணும் ஆயுள் இருக்குமென்று சொல்ல முடியாது.

கூலியில்லா உழைப்பு இப்பக்கத்துக்குப் புதிதன்று. சொர்ணாவூர் அணையிலிருந்து பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொணரும் பங்காரு வாய்க்காலை, பங்காரி, சிங்காரி என்ற இரு நடனமாதர் வெட்டுவித்ததாகக் கர்ணபரம்பரை கூறும். ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓராளாய் மண்வெட்டியோடு இறங்கிச் சேறு வாரும் குடிமராமத்தோ தென்னாட்டு ஏரிப் பாசனம் முழுவதற்கும் பொதுவான வழக்கமாயிருந்தது.

அந்த மண்வெட்டியின் இடத்தில் இன்று தொலைநோக்கி வந்திருக்கிறது. 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியின் கரையில், ஆசிய நாடுகளில் 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகத் தொண்டர்கள் விடியுமுன் நிற்கிறார்கள். நெற்றியில் வெள்ளை நாமமிட்ட நாமக்கோழிகள் நீரெங்கும் கரும்புள்ளிகளாய் மிதக்கையில், பத்தை எண்ணி, அப்பத்து அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, கூட்டம் முழுவதையும் அவ்வளவையால் கணிக்கவேண்டும். கணக்கு முடியுந் தறுவாயில் பருந்தொன்று தாழப் பறந்துவிட்டால், அத்தனையும் கலைந்தெழும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.