செஞ்சியில் ஒரு புரட்டாசி

சீமையிலே அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு பழங்கோட்டைகளுக்குப் போய்ப் பேய்க் கதை கேட்டு வருவார்கள். நமக்குச் செஞ்சி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் போனால் வந்துவிடும். விழுப்புரத்திலிருந்தும் பஸ் உண்டு.

சென்ற புரட்டாசியில் பேரக் குழந்தைகளை அழைத்துப் போனேன். ராஜகிரியில் பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மொகலாயத் தளபதி ஜுல்பிகார்கான் 1690-ல் முற்றுகை தொடங்கி 1698-ல்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தான். அதற்குள் சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பிவிட்டார். இதையெல்லாம் குழந்தைகள் கொட்டாவியோடு கேட்டார்கள். தேசிங்கின் குதிரை எங்கே என்பதுதான் அவர்கள் கவலை!

தேசிங்கு செஞ்சியை ஆண்டது சில மாதங்களே. கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் பெரும் படையோடு மோதி, இளம் வயதில் மாண்டான். கணக்குப் பார்த்தால் அது யுத்தமல்ல, வீம்பு. ஆனாலும் கதைப்பாடல்காரர்கள் ஜயித்த நவாபை விட்டுவிட்டு இந்தப் பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவனோடு உயிர் விட்ட முஸ்லிம் தோழன் மகபத்கானையும் அவர்கள் மறக்கவில்லை. கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்தவனாம் அவன்.

"அப்போ அந்தக் கலியாணப் பெண் என்ன ஆனாள், தாத்தா?" என்றாள் பேத்தி.

சரித்திர ஆசிரியர் யாரும் அவளைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை.