கணினிக் காட்சித் தரநிலைகள்

கணினியின் வரைகலை அட்டையும் மானிட்டரும் எந்த முறையில் ஒத்துழைக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகள் காட்சித் தரநிலைகள் எனப்படும். ஒரு வரிசையில் எத்தனை பிக்சல்கள், மொத்தம் எத்தனை வரிசைகள், எத்தனை நிறங்கள், நொடிக்கு எத்தனை முறை திரை புதிதாக வரையப்படும் என்பன இவற்றுள் முக்கியமானவை. எம்டிஏ, சிஜிஏ, ஈஜிஏ, விஜிஏ ஆகிய பெயர்கள் முதலில் குறிப்பிட்ட வன்பொருள்களையே சுட்டின. பிற்காலத்தில் அவற்றுட் சில திரையளவுக்கும் இணைப்பானுக்கும் பெயராயின. இன்று நிலவும் சொற்குழப்பத்தில் பெரும்பகுதி இதிலிருந்து வந்தது.

முன்வரலாறு

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் நினைவகத்தில் வைத்துக் காட்டும் முறை, 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் அமைப்பில் செயல்பட்டது. 1970களின் நடுவில் வீட்டுக் கணினி ஆர்வலர்களுக்கெனச் சில காட்சி அட்டைகள் விற்பனைக்கு வந்தன.

ஐபிஎம் பிசியின் இரண்டு அட்டைகள்

1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான ஐபிஎம் பிசியின் தாய்ப்பலகையில் திரைக்கான சுற்று இல்லை. எம்டிஏ, சிஜிஏ என்ற இரண்டு அட்டைகளில் ஒன்றை வாங்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

எம்டிஏ எழுத்துகளை மட்டுமே காட்டும். வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரிகள். எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டும் அதன் பிரகாசம், அடிக்கோடு, மினுக்கல் ஆகியவற்றுக்கு இன்னொரு பைட்டும் ஆக 4,000 பைட்டுகள் தேவைப்பட்டதால் 4 கிலோபைட் நினைவகமே போதுமானதாக இருந்தது. பிரின்டருக்கான இணைப்பும் அதே அட்டையில் இருந்தது. அலுவலகங்களை எண்ணியே அது வடிவமைக்கப்பட்டது என்பதற்கு இது ஒரு சான்று. ஒவ்வொரு எழுத்தும் 9×14 புள்ளிக் கட்டத்தில் அமைந்து, திரை முழுவதும் 720×350 புள்ளிகளாக விரிந்தது. எழுத்துருவில் சேமிக்கப்பட்டவை 8 நெடுவரிசைகள் மட்டுமே. ஒன்பதாவது, எழுத்துகளுக்கு இடையே விடப்பட்ட வெற்றிடம். ஆனால் அட்டவணைக் கோடுகளுக்கான குறிகளில் மட்டும் எட்டாவது நெடுவரிசையே ஒன்பதாவதிலும் பிரதியாகும். அதனால் கட்டக் கோடுகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதற்குரிய 5151 மானிட்டரின் பச்சை ஒளிர்பொருள் சற்று மெதுவாகவே அணையும். நொடிக்கு 50 முறை மட்டுமே வரையப்பட்ட திரையில் நடுக்கம் தெரியாமல் போனது இதனால்தான். வரிகள் மேலேறும்போது பழைய எழுத்துகளின் பச்சைச் சாயல் ஒரு கணம் தங்கிப் பிறகு மறைந்தது.

சிஜிஏ 16 கிலோபைட் நினைவகம் கொண்டது. 320×200 புள்ளிகளில் 4 நிறங்கள், 640×200 புள்ளிகளில் 2 நிறங்கள் என இரண்டு படப் பாங்குகள் அதில் இருந்தன. கணக்கிட்டால் இரண்டுக்குமே 16,000 பைட்டுகள்தாம் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம் ஆகிய நான்கு கம்பிகள் வழியாக மானிட்டருக்கு 16 நிறங்களை அனுப்ப முடிந்தது. இவற்றில் பிரகாசம் குறைந்த மஞ்சளை ஐபிஎம்மின் 5153 மானிட்டர் அப்படியே காட்டுவதில்லை. அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைக் குறைத்துப் பழுப்பாக மாற்றும் சுற்று மானிட்டருக்குள்ளேயே இருந்தது.

சிஜிஏயின் 80 எழுத்துப் பாங்கில் செயலியும் திரைச் சுற்றும் ஒரே நேரத்தில் நினைவகத்தை அணுகினால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறும். பயனர்கள் இதைப் ‘பனி’ என்றனர். ஒரு வரியை வரைந்து முடித்த எலக்ட்ரான் கற்றை அடுத்த வரிக்குத் திரும்பும் இடைவெளிக்காகக் காத்திருந்து எழுதுவதே நிரலாளர்கள் கண்ட தீர்வு.

இரு அட்டைகளும் வெவ்வேறு நினைவக முகவரிகளைப் பயன்படுத்தியதால் ஒரே கணினியில் இரண்டையும் பொருத்த முடிந்தது. தவறான அதிர்வெண்ணை அனுப்பி 5151 மானிட்டரையே பழுதாக்கலாம் என்ற பேச்சு அக்காலத்தில் பரவலாக இருந்தது; அப்படி நிகழ்ந்தது எந்த அளவு என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன.

ஹெர்குலிஸ்

1982இல் வந்த ஹெர்குலிஸ் அட்டை, எம்டிஏயின் தெளிவான எழுத்துகளோடு 720×348 புள்ளிகளில் ஒற்றை நிறப் படங்களையும் அதே மானிட்டரில் காட்டியது. இதை வடிவமைத்த வான் சுவன்னுக்குல், தம் ஆய்வேட்டைத் தாய்லாந்து மொழி எழுத்தில் அமைக்கும் தேவையால் இதில் இறங்கினார் என்று சொல்லப்படுகிறது. எம்டிஏயைவிட 2 வரிகள் குறைந்ததற்குக் காரணம், இதன் நினைவகம் நான்கு பிரிவுகளாக அமைந்ததே: 348 நான்கால் வகுபடும், 350 வகுபடாது. லோட்டஸ் 1-2-3 மென்பொருள் இதை ஆதரித்தது விற்பனைக்குப் பெரிதும் உதவியது.

ஈஜிஏயும் விஜிஏயும்

1984இல் வந்த ஈஜிஏ, 640×350 புள்ளிகளில் 64 நிறங்களிலிருந்து தேர்ந்தெடுத்த 16 நிறங்களைக் காட்டியது. கம்பிகள் ஆறு என்பதால் 64க்கு மேல் நிறங்களைக் கூட்ட வழியில்லை.

1987 ஏப்ரலில் பிஎஸ்/2 கணினிகளுடன் வந்த விஜிஏ, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஏறியிறங்கும் மின்னழுத்தமாக, அதாவது அனலாக் முறையில் அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் 64 படிநிலைகள் என்பதால் 2,62,144 நிறங்கள் கிடைத்தன. ஒரே நேரத்தில் 640×480 புள்ளிகளில் 16 நிறங்களையும், 320×200 புள்ளிகளில் 256 நிறங்களையும் காட்டலாம். பின்னதில் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் மொத்தம் 64,000 பைட்டுகள். அன்றைய செயலிகள் ஒரே மூச்சில் அணுகக்கூடிய 64 கிலோபைட் பகுதிக்குள் இது கச்சிதமாக அடங்கியதால் விளையாட்டு எழுதியோர் இதை மிகவும் விரும்பினர். பெயரின் கடைசி எழுத்து ‘அடாப்டர்’ அன்று, ‘அரே’. அட்டையாக இல்லாமல் தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லாக வந்ததை அது குறிக்கிறது. இருந்தும் தனி அட்டைகளாகப் பிற நிறுவனங்கள் இதைப் பெருமளவில் தயாரித்தன. கணினிக் கடைகளில் எந்த வரைகலை அட்டையையும் ‘விஜிஏ கார்டு’ என்றே கேட்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது.

சூப்பர் விஜிஏ

ஐபிஎம்மின் பிடி தளர்ந்த பின், அட்டை தயாரிப்பாளர்கள் சேர்ந்து வீசா என்ற தரநிலைச் சங்கத்தை அமைத்தனர். தொடக்கம் 1988 என்றும் 1989 என்றும் குறிக்கப்படுகிறது. 800×600 அதன் முதல் தரநிலை. ஆனால் விளம்பரங்களில் ‘எஸ்விஜிஏ’ என்பது விஜிஏவை விஞ்சிய எதற்கும் பயன்பட்டது.

இந்திய மொழிகள்

ஐஐடி கான்பூரில் தோன்றி, பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் அட்டை, ஆங்கில எழுத்துக்கென அமைந்த மென்பொருள்களிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டியது.

முப்பரிமாணமும் ஜிபியூவும்

முப்பரிமாணப் படங்களுக்கான வூடூ அட்டையை 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்டது. 1999இல் என்விடியா தன் ஜிஃபோர்ஸ் 256ஐ ‘உலகின் முதல் ஜிபியூ’ (வரைகலைச் செயலி) என விளம்பரப்படுத்தியது. 1994இன் சோனி பிளேஸ்டேஷனிலேயே இச்சொல் வழங்கியதால் இக்கூற்றை ஏற்காதோரும் உள்ளனர். ஏடிஐ நிறுவனம் 2002இல் முன்வைத்த ‘விபியூ’ என்ற பெயர் நிலைக்கவில்லை.

அண்மைக் காலம்

டிவிஐ (1999), எச்டிஎம்ஐ (2002), டிஸ்ப்ளேபோர்ட் (2006) ஆகியவற்றால் மானிட்டர் இணைப்பு, விஜிஏவுக்கு முன் இருந்ததுபோல், மீண்டும் டிஜிட்டலாயிற்று. விஜிஏ இணைப்பை 2015க்குள் கைவிடுவதாக இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட நிறுவனங்கள் 2010 டிசம்பரில் அறிவித்தன. ஆயினும் எச்டிஎம்ஐ சாதனங்கள் கட்டாயம் ஆதரிக்க வேண்டிய பாங்குகளில் 640×480 இன்றும் இடம்பெறுகிறது. 4கே, 8கே போன்ற புதிய பெயர்கள் எந்த அட்டையிலிருந்தும் வரவில்லை. ஒரு வரிசையிலுள்ள பிக்சல்களின் தோராய எண்ணிக்கையையே சுட்டுகின்றன.