வயிற்று டாக்டரும் குன்னூர் எலிகளும்

குன்னூரில் சிம்ஸ் பூங்கா அருகே இருக்கும் பாஸ்டர் நிறுவனம் என்றாலே நமக்கு நாய்க்கடி ஊசிதான் ஞாபகம் வரும். 1907-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே 1918-ல் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தவர் டாக்டர் ராபர்ட் மெக்கரிசன். வயிற்றுக் கோளாறுக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இவர் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்கு முன் மெக்கரிசன் வடக்கே கில்கிட்டில் அரசாங்க டாக்டராக இருந்தார். அங்குள்ள ஹன்சா மக்களிடம் வயிற்றுப்புண்ணைப் பார்த்ததே இல்லை என்று எழுதினார். அவர்கள் உண்ணும் உணவுதான் காரணமோ என்று யோசித்தார்.

குன்னூரில் குரங்குகளுக்குச் சத்தில்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் இரைப்பையும் குடலும் கெட்டுப்போயின. பிறகு எலிகளுக்கு நம் நாட்டின் பல பகுதி உணவுகளைக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியே பிரதானமான சென்னை மாகாண உணவில் சிலவற்றுக்கு வயிற்றுப்புண் வந்தது. மரவள்ளிக்கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் உணவில் இன்னும் அதிகம். அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

ஆனால் கதை உணவோடு முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் மார்ஷல், வாரன் இருவரும் 1980-களில் வயிற்றுப்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நல்ல வயிற்று டாக்டர் இரண்டையும் விசாரிப்பார்: என்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பார், தேவைப்பட்டால் கிருமிக்கும் சோதிப்பார்.

எம்.டி.க்கு மேல் டி.எம். கேஸ்ட்ரோ படித்தவரா, எண்டோஸ்கோப்பி எதற்கு என்று புரியும்படி சொல்கிறாரா, வலிமாத்திரை சாப்பிடுவதுண்டா என்று கேட்கிறாரா என்று பாருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. என்னோடு எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், கோயம்புத்தூர் போக அலுத்துக்கொண்டு ஒரு வருடம் அசிடிட்டி மருந்திலேயே காலம் தள்ளினார். எடை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எண்டோஸ்கோப்பி பார்த்தபோது இரைப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது. மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ தள்ளிப்போடாமல் பஸ் ஏறிவிடுங்கள்.